எரியாத ஆயில் லைட்

அத்தியாயம் 4

ஐந்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன். இப்போது மணி மூன்று இருபது. நடுவில் இருப்பது நூறு நிமிடம், ஒரு பழைய கார், ஒரு கோபக்காரப் பல் டாக்டர்.

கிளட்ச் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒரு கொட்டாவியும் விட்டான். பதினோரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் குப்பை கொட்டியவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் மறந்த கிளட்சையெல்லாம் இவனே மிதித்து மிதித்து, அம்மா வைத்த பெயர் போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. உயிர் மேல் ஆசை வந்து அந்த வேலையை விட்டான். இப்போது சர்வேயரம்மாவிடம் உதவியாளன். உயிர் தப்பிவிட்டது, நிம்மதிதான் போய்விட்டது.

சர்வேயரம்மா நிலம் அளப்பவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, இது விபத்து, இது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய இறங்கிவிட்டார். வேலையில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, இப்போது நசுங்கி வருவது மனுஷர்கள், அவ்வளவுதான் என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

இன்று காலை நசுங்கி வந்தவள் டிரைவரின் மனைவி.

"என் வீட்டுக்காரர் திருடல மேடம்" என்று ஆரம்பித்திருந்தாள். "பதினாலு வருஷமா அந்தப் பல் டாக்டரம்மாவுக்கு வண்டி ஓட்றார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கிட்ட அவர் சொன்ன பொய் ரெண்டே ரெண்டு. ரெண்டும் என் சமையலைப் பத்தி."

விஷயம் இவ்வளவுதான். டாக்டரம்மா தன் வீட்டை விற்கிறார். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பன்னிரண்டரைக்கு வக்கீலோடு திரும்பி வந்து பீரோவைத் திறந்தால் பத்திரம் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் வீட்டில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். டாக்டரம்மா, அவருடைய தம்பி, டிரைவர்.

டாக்டரம்மாவை இறக்கிவிட்டு கால் மணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டிய டிரைவர், பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். கேட்டதற்கு, ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது, வழியில் ஒரு மதில் ஓரமாக வண்டியை நிறுத்தி இன்ஜின் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன் என்றார். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. அவர் போன் அன்றைக்கு உடைந்த கண்ணாடியோடு ரிப்பேர் கடையில் கிடந்தது. மறுநாள் மெக்கானிக் காரைப் பார்த்துவிட்டு லைட்டில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆக, டிரைவர் காதில் பூ சுற்றுகிறார், அந்த நேரத்தில் பத்திரத்தை எடுத்து யாரிடமோ கொடுத்துவிட்டார் என்பது டாக்டரம்மாவின் முடிவு. ஐந்து மணிக்குப் புகார்.

டிரைவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியும் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாராம். சர்வேயரம்மாவைப் பார்த்ததும் கும்பிட்டார். சொன்னதையே சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

வீட்டின் முன் அறை, டாக்டரின் தம்பி நடத்தும் குழாய்க் கடை. குழாய், பேசின், வால்வு என்று தரையில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் சாய்த்திருந்த பிளாஸ்டிக் குழாய்களில் கை நீளத்துக்கு இருந்த ஒன்றை எடுத்துக் கிளட்ச் ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தான்.

"மேடம், எதிர்காலம் ஒண்ணும் தெரியல."

"ரெண்டு பக்கமும் மூடி போட்டிருக்கு கிளட்ச். வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தான்.

உள்ளே டாக்டரம்மாவின் கிளினிக். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். அன்று அந்த அறையில் குறுக்கே பேசாத ஒரே மனிதர் அவர்தான்.

"அஞ்சு நிமிஷம்தான் தருவேன்" என்றார் டாக்டரம்மா, பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினாலு வருஷமா வீட்டு மனுஷனா வச்சிருந்தேன். கேட்டா கொடுத்திருப்பேன். இப்படிப் பண்ணிட்டாரேன்னு வயிறு எரியுது. யாரோ அவர்கிட்ட விலை பேசியிருக்காங்க. அதுக்கு மேல ஆயில் லைட்டுன்னு ஒரு கதை!"

"லைட் எரிஞ்சா நிறுத்தணும்னு அவருக்குச் சொன்னது யாரு?"

டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. "நான்தான். முன்னாடி இருந்த வண்டியில ஆயில் இல்லாம ஓடி இன்ஜின் போச்சு. சிவப்பு லைட் எரிஞ்சா ஒரு அடி நகரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அதையே எனக்குத் திருப்பிச் சொல்றார் பாருங்க."

பேசினுக்குக் கீழேயிருந்து ஒரு தலை வெளியே வந்தது. டாக்டரின் தம்பி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ரெஞ்சு, காதில் பென்சில், சுண்டுவிரலில் மோதிரம் மாதிரி ஒரு டேப் சுருள், முட்டியில் ஈரம்.

"வீண்பழி போடக்கூடாதுன்னு நான்தாங்க சொன்னேன்" என்றார். "அதனாலதான் நேத்து நானே வண்டியை மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தார். லைட் எரியவே இல்ல. எனக்கே சங்கடமாப் போச்சு."

"உங்களுக்குக் கார் வேலை தெரியுமா?"

"ஐயோ, பானெட்டை எந்தப் பக்கம் திறக்கணும்னு கேட்டாலே முழிப்பேன். நமக்குத் தெரிஞ்சதெல்லாம் குழாய்தான்." பேசின் குழாயைத் திறந்தார், மூடினார், அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. முகம் மலர்ந்தது. "ஒரு சொட்டு கசிஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது."

"வீட்டை வித்துட்டா கடை?"

"வாங்கறவங்க இடிச்சிட்டுக் கட்டப் போறாங்களாம். நான் வேற இடம் பார்த்துக்கணும். அக்கா முடிவு பண்ணியாச்சு." மலர்ந்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் பேசினுக்குத் திரும்பிவிட்டது.

சர்வேயரம்மா கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி கூட வருகிறேன் என்றார். வேண்டாம், குழாயைப் பாருங்கள் என்றார் சர்வேயரம்மா.

கார் ஷெட்டில் சர்வேயரம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வழக்கப்படி கிளட்ச் பக்கத்து சீட்டில். பழக்க தோஷத்தில் அவன் கால் இல்லாத பெடலைத் தேடியது.

சர்வேயரம்மா சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். இன்ஜின் கிளம்பவில்லை. டேஷ்போர்டில் மட்டும் விளக்குகள் எரிந்தன.

"யார் யார் வந்திருக்காங்க?"

"பேட்டரி வந்தாச்சு. ஹேண்ட்பிரேக் வந்தாச்சு. அதோ, பெல்ட் போட்ட குட்டி மனுஷன். எல்லாரும் ஆஜர்."

"யார் வரல?"

கிளட்ச் குனிந்து பார்த்தான். அவனுக்குச் சுரீரென்றது. பதினோரு வருடம் தினமும் காலையில் முதல் பாடமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். சாவியைப் பாதி திருப்பு, எல்லா விளக்கும் எரிகிறதா பார், அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. ஒரு பயலும் பார்த்ததில்லை.

"ஆயில் கேன் படம் போட்ட லைட் வரல மேடம். இன்ஜின் ஓடாதப்ப ஆயிலுக்குப் பிரஷர் கிடையாது. பிரஷர் இல்லன்னா அந்த லைட் எரிஞ்சே ஆகணும்."

"எரியல."

"பல்பு போயிருக்கும்."

"போயிருக்கலாம். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல போயிருந்தா, ரொம்ப நேரம் காலம் பார்த்துப் போயிருக்கு."

வெளியே வரும்போது கேட்டருகே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி டிரைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "திங்கட்கிழமை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா. ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுது. தினமும் பார்த்துட்டுதான் எடுப்பேன்."

கிளட்சுக்கு இறங்கிப்போய் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உலகத்தில் ஒருத்தராவது பார்க்கிறாரே!

மெக்கானிக் ஷெட் இரண்டு தெரு தள்ளி. மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து முதுகால் ஊர்ந்து வெளியே வந்தார். வந்தவர்களைக் கண்டதும் மறுபடியும் உள்ளே போய்விடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"நான் ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துட்டேங்க. லைட் எரியல."

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?"

"அதை எதுக்குப் பார்க்கணும்? ஒரே முறுக்கு, வண்டி ஸ்டார்ட். அவனவன் அவசரம் அவனவனுக்கு."

"இப்ப அவசரம் இல்ல. பாருங்க."

பாதி சாவியில் டேஷ்போர்டைப் பார்த்த மெக்கானிக், கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். கை சுத்தமாகி வெகுநேரம் ஆனபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். தப்பு தன் மேல் என்று தெரிந்துபோன மனிதரின் துடைப்பு அது. அப்புறம் பானெட்டைத் திறந்தார்.

இன்ஜினின் பக்கவாட்டில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சமாசாரம். அதிலிருந்து ஒற்றை ஒயர். அதுதான் ஆயில் பிரஷர் சென்சார். பிரஷர் இருந்தால் லைட்டை அணைக்கும், இல்லாவிட்டால் எரிய விடும். மெக்கானிக் ஒயரைக் கழற்றி அதன் நுனியை இன்ஜின் உடம்பில் தொட்டார்.

"எரியுது!" என்று கத்தினான் காருக்குள் இருந்த கிளட்ச். "ஆயில் கேன் ஆஜர்!"

"பல்பு சரி, ஒயர் சரி" என்றார் மெக்கானிக். "அப்போ கோளாறு சென்சார்லதான்." குனிந்தவர் உடனே நிமிர்ந்தார். "என்னங்க இது? இன்ஜின் பூரா பத்து வருஷத்து அழுக்கு. இது மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி பளபளன்னு இருக்கு?"

ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். சென்சார் வெளியே வந்தது. அதன் திருகு மரை முழுக்க வெள்ளை டேப். ஒரு சுற்று இரண்டு சுற்று இல்லை, ஆறேழு சுற்று, அத்தனை நறுவிசாக.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மகராசன் பார்த்த வேலை இது? இதோட மரை இன்ஜினைத் தொட்டாதாங்க கரன்ட்டு பாயும், லைட் எரியும். இதுக்குப் போய் மப்ளர் சுத்தி அனுப்பியிருக்கானே! இப்படி மாட்டினா ஆயிலே இல்லாட்டியும் லைட் எரியாது. இன்ஜின் உருகி ஊத்தினாலும் எரியாது."

"நீங்க மாட்டலையே?"

"நானா? என் ஷெட்ல இந்த டேப்பே கிடையாது. தண்ணி கசியக்கூடாதுன்னு குழாய் வேலைக்காரங்கதான் இதை..." மெக்கானிக் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

கிளட்சின் கண்ணுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் வந்து நின்றது. அதில் மோதிரம் மாதிரி ஒரு சுருள்.

"மேடம், பானெட் எந்தப் பக்கம்னு தெரியாதுன்னாரே!"

"தேடிக் கண்டுபிடிச்சிருக்கார். ஆர்வம்தான்." சர்வேயரம்மா சென்சாரிலிருந்த டேப்பைப் பிரித்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். "டிரைவர் பொய் சொன்னார்னா யாரும் எதையும் மாத்த வேண்டிய அவசியமே இல்ல கிளட்ச். லைட் நிஜமாவே எரிஞ்சதுன்னு தெரிஞ்சவன்தான், அது இனிமே எரியக்கூடாதுன்னு மாத்துவான்."

மெக்கானிக் அந்த ஓட்டையில் கேஜைப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டுப் பிரஷர் பார்த்தார். அம்சமாக இருந்தது. ஆக, திங்கட்கிழமை ஆயிலில் குறையில்லை, இன்ஜினிலும் குறையில்லை. பழைய சென்சார்தான் சூடேறியதும் உளறியிருக்கிறது. அதை நிரூபிக்க அந்தப் பழைய சென்சார் வேண்டும்.

"தூக்கிப் போட்டிருப்பாரு" என்றான் கிளட்ச்.

"குழாய்க் கடைக்காரர் பித்தளையைத் தூக்கிப் போடவே மாட்டார்" என்றார் சர்வேயரம்மா. புது சென்சாரை டேப் இல்லாமல் மாட்டச் சொல்லி, மெக்கானிக்கையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

திரும்பும்போது மணி நான்கு இருபத்தைந்து. டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே கடைக்கு வந்தார். தம்பி கல்லாவுக்குப் பின்னால் நின்றார். டிரைவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார் சர்வேயரம்மா. அவர் வாசல்படியோடு நின்றுகொண்டார்.

கடை மூலையில் ஒரு தகர டப்பா. பழைய பித்தளைக் குழாய்த் தலைகளும் வால்வுகளும் அதில் கிடந்தன. சர்வேயரம்மா சொல்லக் கிளட்ச் அதைத் தரையில் கவிழ்த்தான். மெக்கானிக் குந்தி உட்கார்ந்து ஒரே பார்வையில் பொறுக்கினார். எண்ணெய் அழுக்கு காயாத பழைய சென்சார்.

"இது குழாய்ல எந்த இடத்துல வரும்?" என்று தம்பியைக் கேட்டான் கிளட்ச். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான்.

தம்பிக்கு முகம் வெளுத்தது. அக்காவைப் பார்த்தார். "சரி, நான்தான் மாத்தினேன். லைட் எரியுதுன்னு டிரைவர் சொன்னார். நல்லதாப் போகட்டும்னு அன்னிக்கு சாயங்காலமே புதுசு வாங்கி, செவ்வாய்க்கிழமை விடியக்காலைல போட்டேன். அது ஒரு குத்தமா?"

"குத்தமே இல்ல" என்றார் சர்வேயரம்மா. "நல்ல காரியம். ஆனா மாத்திட்டு, மாத்தினதைச் சொல்லாம, வண்டியை டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க. கோளாறே இல்லன்னு மெக்கானிக் வாயால சொல்ல வச்சீங்க. இவர் சொன்னது நிஜம்னு இந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. தெரிஞ்சே இவரைக் கேட்டுக்கு வெளியில நிக்க வச்சீங்க."

தம்பி சுண்டுவிரலிலிருந்த டேப் சுருளைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தார்.

"கிளட்ச், உங்க எதிர்காலம் தெரியாத குழாயை எடுத்துட்டு வாங்க."

கிளட்ச் ஒரு நொடி முழித்தான். பிறகு சுவரோரம் பாய்ந்தான். அத்தனை குழாய்களும் திறந்த வாயோடு சாய்ந்திருக்க, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கமும் மூடி. விற்பனைக்கு இருக்கிற குழாயை யார் மூடி வைப்பார்கள்? இதைக் கண்ணில் வைத்துப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு மூடியைத் திருகினான். மரையில் வெள்ளை டேப், அதே ஆறேழு சுற்று. உள்ளே சுருட்டி வைத்திருந்த வீட்டுப் பத்திரம், ஒரு மூலைகூடக் கசங்காமல் வெளியே வந்தது.

டாக்டரம்மா அதை வாங்கவில்லை. தம்பியையே பார்த்தார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடா?"

"கேட்டேன்க்கா. இருபது வருஷக் கடை, இடிக்க வேண்டாம்னு மூணு தடவை கேட்டேன்." தம்பி மூன்று விரலை நீட்டிக் காட்டினார். "மூணு தடவையும் யாராவது வாயைத் திறந்துட்டுப் படுத்திருந்தாங்க. அப்புறம் பேசலாம்னு சொன்னீங்க. பதிவு தள்ளிப்போனா உங்க மனசு மாறும்னு நினைச்சேன். டிரைவர் மாட்டுவார்னு நினைக்கல. மாட்டினப்புறம், எனக்கு வெளிய வரத் தெரியல."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க" என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். பத்திரத்தை வாங்கி, அதே குழாய்க்குள் போட்டு, கல்லா மேல் வைத்தார். "இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து பேசறோம். எவன் பல்லு வலின்னு வந்தாலும் பேசறோம்" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க" என்றார்.

டிரைவர் நகரவில்லை.

"அம்மா, பத்திரம் கிடைச்சிடுச்சு, சரி. ஆனா லைட் எரிஞ்சுதுன்னு நான் சொன்னேன். அதை நீங்க பார்க்கணும்."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

"இவங்க சொல்லித் தெரிஞ்சுது. நான் சொன்னப்போ தெரியல."

கிளட்ச் வாயைத் திறந்தான். சர்வேயரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மெக்கானிக் பழைய சென்சாரைத் துடைத்து மறுபடி மாட்டினார். டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்தார். டாக்டரம்மா எப்போதும் உட்காரும் பின் சீட்டை விட்டு முன்னால் ஏறினார். பாதி சாவி. ஆயில் கேன் சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. இன்ஜின் சீராக ஓடியது.

காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கிளினிக் வாசலில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கண்ணை டேஷ்போர்டிலிருந்து எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரை இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கிளட்ச் நினைத்தான். டிரைவரின் மனைவி எப்போது வந்தாளோ, கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

பதினெட்டாவது நிமிடத்தில் லைட் ஒரு தடவை சிமிட்டியது. அப்புறம் சிவப்பாக எரிந்து நின்றது.

டிரைவர் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. பதினாலு வருடத்துக் கை.

"நிறுத்திட்டேன்மா" என்றார். "நீங்க சொன்ன மாதிரி."

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. "தப்பு எம்மேலதான்" என்றார். "நாளைக்கு வருவீங்களா?"

"இன்னொரு நாள் லைட் எரிஞ்சா மறுபடியும் நிறுத்துவேன்."

"நிறுத்துங்க."

"லேட்டா வருவேன்."

"வாங்க."

"வந்து சொன்னா, அன்னிக்கே நம்பணும்."

"நம்பறேன்" என்றார் டாக்டரம்மா.

டிரைவர் இறங்கி, சுற்றி வந்து, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். அப்போது மணி ஐந்து பத்து. போலீஸுக்குப் போகிற நேரம் தாண்டிவிட்டது, யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

கேட்டருகே டிரைவரின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான்கூட நடுவுல ஒரு நாள் சந்தேகப்பட்டேன் மேடம்" என்றாள் தாழ்ந்த குரலில். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டோம்" என்றான் கிளட்ச். "இன்னிக்கு சமையல் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க. மனுஷன் உண்மை பேசற மூட்ல இருக்கார்."